பால்கனிக்குக் கேட்கவில்லை

எங்கள் ஊர் தியேட்டரில் பிணங்கள் பேசத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மதியக் காட்சியில். இடைவேளை முடிந்து, முறுக்குக் காகிதங்களைக் கசக்கிப் போட்டுவிட்டு ஆட்கள் திரும்ப வந்து உட்கார்ந்து, திரையில் அந்தப் பெரிய இரும்புக் கேட் தெரிந்து, கேட்டுக்கு வெளியே முந்நூறு பிணங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்து நின்று வாயைத் திறந்ததும், கீழே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் அவை பேசுவது தெளிவாகக் கேட்டது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றது ஒன்று. "செத்த நேரம் நெழல்ல உக்காந்துக்கிடுதேன்" என்றது இன்னொன்று. "எம் மவ உள்ள பாத்திரம் கழுவுதா, அவளக் கொஞ்சம் கூப்புடுங்க." "ஒதுங்க ஒரு எடம் காட்டுங்க, காலையிலயிருந்து அடக்கிக்கிட்டு நிக்கேன்." கீழே யாரும் பயப்படவில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் தாண்டி வருவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே பால்கனியில் சாய்வு நாற்காலிகளில் கால் நீட்டியிருந்தவர்களுக்கு உறுமல் மட்டும்தான் கேட்டது. அவர்கள் பயந்தார்கள், பயப்படத்தான் வந்திருந்தார்கள்.

படம் எங்கள் உப்பளத்தில் எடுத்தது. உலகம் முடிந்துபோனபின் எப்படி இருக்கும் என்று இடம் தேடி அலைந்த டைரக்டர், சித்திரை வெயிலில் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாகக் கிடந்த அளத்தைப் பார்த்துவிட்டு, இங்கேதான் என்று காரை நிறுத்தச் சொன்னாராம். கதை எல்லாப் பிணப்படத்துக் கதையும்தான். ஒரு நோய் வருகிறது, செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உயரமான அடுக்குமாடியில் இருப்பவர்கள் கேட்டைப் பூட்டிக்கொள்கிறார்கள். முதலில் கடிபடுகிறவர் வாட்ச்மேன், அடுத்தது வீட்டு வேலைக்காரி, அதற்கடுத்தது டிரைவர். அதன்பின் ஒரு மணி நேரம் மேலே இருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் படம். மொட்டைமாடியிலிருந்து ஹெலிகாப்டர் ஏறிப் போவதோடு முடிகிறது.

மேல்மாடியில் நிற்பவர்களை நிறமும் உயரமும் பார்த்து வெளியூரிலிருந்து கொண்டுவந்தார்கள். கேட்டுக்கு வெளியே நிற்க அளத்து ஆட்களே போதும் என்றார்கள். மேக்கப் போடுகிறவர் முதல் நாள் காலையில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்களையும், வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சிவந்தே போன கண்களையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த டப்பாவை மூடினார். "இவங்களுக்கு ஒண்ணும் வேணாம், அப்படியே நிக்கட்டும்" என்றார். மோசமான மனிதர் இல்லை அவர். வேலை மிச்சமான சந்தோஷத்தில் சொன்னார். வசனம் கிடையாது, 'ஆ' என்று இழுத்தால் போதும். பன்னிரண்டு நாள் வெயிலில் நின்று இழுத்தார்கள். அந்த 'ஆ'வையும் வெட்டிவிட்டு, சென்னையில் வேறு ஆட்களை வைத்து உறுமல் சேர்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆகவே அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டும் என்று யாரும் மெனக்கெடவும் இல்லை.

தியேட்டர்காரர் மட்டும் மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் ஒலிபெருக்கிகளை எல்லாம் கழற்றி மாட்டி, காதை வைத்துக் கேட்டு, சுத்தமான உறுமல், ஒரு குறையும் இல்லை என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்த டாக்ஸி டிரைவர் பின்னால் நின்று, "என்ன சார், தண்ணி கேக்கது ஒங்களுக்குக் கேக்கலியா?" என்றார். இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று பெஞ்சு ஆட்கள் நாலு பேரை மேலே ஏற்றிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பால்கனியிலும் பேச்சு கேட்டது. ஜவுளிக்கடை முதலாளியைக் கீழே இறக்கி முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவருக்கு முன் வரிசையிலும் உறுமல்தான் கேட்டது. இடத்தில் ஒன்றுமில்லை, ஆளில்தான் இருக்கிறது என்று தெரிந்துபோனதும் ஊர் அந்த விஷயத்தை மழை பெய்வதை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது.

அதற்குப்பின் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிட்டது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட் காட்சி வரும்போது திரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு இடத்தில் அவன் புருவம் அசைந்தால், தாகம் என்ற சொல்லுக்கு அவன் தொண்டை ஏறி இறங்கினால், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஆகவே கேட்கிற பையன்கள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார்கள். காது டாக்டரிடம் போய், கேட்பதை நிறுத்த மருந்து உண்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்கவைக்க மருந்து உண்டா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. தேர்தலுக்கு நிற்க இருந்த ஒருவர் தனக்கு எல்லாம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு ஊர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்து படம் பார்த்து, ஒரு பிணம் இன்னொரு பிணத்திடம் "ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று விசாரித்துக்கொண்டிருந்த இடத்தில் கண்ணீர்விட்டு அழுதார். நாங்கள் அதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

இந்த ஊரில் அப்போது பேங்கில் அசிஸ்டென்ட் மேனேஜராக இருந்தவன் தவசிக்கண். பேங்கில் அவனுக்குப் பெயர் டி.கே. சார். உப்பள முதலாளி ரத்தினவேலின் ஒரே மகள் மதுவந்தியைக் கட்டியிருந்தான். நல்ல பையன், அமைதியான பையன், அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள், ஒரே ஒரு அக்கா கல்யாணமாகி பம்பாய்ப் பக்கம் இருக்கிறாள், லீவு கிடைக்காததால் கல்யாணத்துக்குக்கூட வரமுடியவில்லை என்பதுதான் அவனைப்பற்றி ரத்தினவேல் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பா அம்மா போனது உண்மை. அக்கா இருப்பதும் உண்மை. அவள் பெயர் சுயம்புக்கனி. பம்பாய்க்கு எந்தத் திசையில் போகவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஊரிலிருந்து பதினாலு மைல் தள்ளி, ரத்தினவேலின் அளத்திலேயே உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் பாத்தியில் இறங்கியவள். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கும், ஹாஸ்டலுக்கும், காலேஜுக்கும் அனுப்பியது அவள் தலையில் சுமந்த உப்புதான். கல்யாணப் பேச்சு வந்தபோது அவன் தயங்கித் தயங்கி வந்து சொன்னான். பெண் யார் என்று தெரிந்ததும் அவள்தான் முதலில் சொன்னாள்.

"கட்டிக்கோ தம்பி. நா வரல. மொதலாளி ஊட்டுக் கல்யாணத்துல அளத்துக்காரி மாப்ளைக்கு அக்கான்னு நின்னா நல்லாருக்காது. நா பம்பாய்ல இருக்கேன்னு சொல்லிரு."

பம்பாய் என்ற பொய்யையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டது அவன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ரத்தினவேல் குடும்பத்தோடு படத்துக்குப் போனார். தன் அளத்தில் எடுத்த படம் என்று அவருக்குப் பெருமை. பால்கனியில் ஒரு வரிசை முழுக்க அவர்கள்தான்: அவர், அவர் மனைவி, மதுவந்தி, அவளுக்குப் பக்கத்தில் தவசிக்கண். கேட் காட்சி வந்தது. இடமிருந்து மூன்றாவதாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சுயம்புக்கனி. அவள் நடித்தது அவனுக்குத் தெரியாது. சொன்னால் வருத்தப்படுவான் என்று அவள் சொல்லவில்லை. பெரிய திரையில் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக அக்காவின் முகம் வந்து நின்றது, சிவந்த கண், வெடித்த உதடு. வாயைத் திறந்தாள்.

"தம்பி, சாப்ட்டியா? எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. நா வெளிய நிக்கேன், அவ்வளவுதான். நா நிக்கது யாருக்கும் தெரியாது. தவசி, நீ பயப்படாத."

அவன் பெயரைச் சொல்லித்தான் சொன்னாள். தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவன் சட்டென்று மதுவந்தியைப் பார்த்தான். அவள் பயத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அந்தப் பொம்பள மூஞ்சியப் பாருங்களேன்" என்றாள். ரத்தினவேல் முன்னால் குனிந்து சிரித்தார்.

"நம்ம அளத்துக் கூட்டம்தாம்மா. மேக்கப்பே போடலியாம். நெசப் பேயே தோத்துரும்." பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "கீழ உள்ளவனுவளுக்கு இது பேசுறது கேக்குதாம்ல மாப்ளே? ஒங்களுக்கு ஏதும் கேக்குதா?"

"இல்ல மாமா. உறுமல்தான்."

சொன்னதோடு நின்றிருந்தாலும் போகட்டும். மாமா சிரித்ததற்கு அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் காதுக்கே கேட்டது. திரையில் அவள் அதே நேரம் "நல்லாருய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பால்கனியில் யாருக்கும் எதுவும் தெரியாது. கீழே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேங்க் தவசியின் அக்கா அளத்தில் உப்பு வாருகிறாள் என்பது அன்று சாயங்காலத்துக்குள் பால்காரருக்கும், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும், ரத்தினவேல் வீட்டில் வாசல் தெளிக்கிற முத்துலட்சுமிக்கும், பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற செக்யூரிட்டிக்கும் தெரிந்தது. ஒருவரும் அதை மேலே கொண்டுபோகவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. அதுவரை 'சார்' என்று தண்ணீர் வைத்த அட்டெண்டர் ஐயம்பெருமாள், மறுநாள் காலையில் டம்ளரை மேசைமேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு, "குடிங்க தம்பி" என்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஐயம்பெருமாள் கண்ணில் கேலி இல்லை, கோபம் இல்லை. சாவு வீட்டில் இருப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வீட்டில் முத்துலட்சுமி அவன் செருப்பை எடுத்து ஓரமாக வைக்கும்போது ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டு வைத்தாள். அவர்களில் யாராவது ஒருவர் அவனைத் திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மறுநாளிலிருந்து அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தியேட்டருக்குப் போகத் தொடங்கினான். பால்கனியில் தனியாக உட்கார்ந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, கேட் காட்சி வரும்வரை காத்திருந்து, அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தான். ஒரு நாள் சொன்னதை அவள் மறுநாள் சொல்லவில்லை. ஒரு நாள், "மதுவந்திக்குப் புளிப்பு புடிக்குமாமே, நல்ல சேதி உண்டா?" என்று கேட்டாள். ஒரு நாள் ஹாஸ்டலுக்கு அவனை விட வந்தபோது தான் வாசலுக்கு வெளியே மரத்தடியில் நின்றதைச் சொன்னாள்: "மத்த புள்ளைகள்லாம் யாருன்னு கேட்டதுக்கு, எங்க தெருக்கார அக்கான்னு நீ சொன்ன பாத்தியா, அது எனக்குக் கேட்டுச்சு. நா தப்பா நெனைக்கல. சின்னப்புள்ளதான நீ." அன்று அவன் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். அதை அவன் மறந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை பேங்குக்கு லீவு. வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அவன் அளத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனான். விடியுமுன் பாத்தியில் இறங்குகிறவர்கள் மதியத்துக்குள் கரையேறிவிடுவார்கள். சுயம்புக்கனி வரிசை வீட்டின் முன்னால் நல்ல தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் பதறி, காரை உடைமுள் மரங்களின் மறைவில் நிறுத்தச் சொல்லி, அவனை உள்ளே கூப்பிட்டு, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைச் சேலை முந்தியால் துடைத்துப் போட்டாள்.

"இந்த வெயில்ல ஏன்யா வந்த? ஓம் பொண்டாட்டி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா." அவன் உட்கார்ந்தான். "படம் பாத்தியாக்கா?"

"பாத்தேன். வேன் வச்சுக் கூட்டிட்டுப் போனாவ." அவள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சிரித்தாள். "சந்தனமாரி பேசுனது கேட்டுச்சு, மூக்கன் பேசுனது கேட்டுச்சு. மூக்கன் நெசத்துல ஒரு வார்த்த பேசமாட்டான், படத்துல என்னா பேச்சு பேசுதான்! எல்லாரும் பேசுறது கேக்குது தம்பி. நா வாயத் தொறக்கும்போது மட்டும் ஒண்ணுமே கேக்கல. ஆன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

அவன் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நா என்ன சொல்லுதேன்னு சந்தனமாரிகிட்ட கேட்டேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. இங்கன யாரும் சொல்ல மாட்டேங்காவ. நீ பாத்தேல்ல? நா என்னய்யா சொல்லுதேன்? அசிங்கமா எதும் பேசுதேனா?"

சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆனால் சொல்வதென்றால் ஹாஸ்டல் வாசலைச் சொல்லவேண்டும், பால்கனியில் சிரித்ததைச் சொல்லவேண்டும், அவள் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததையெல்லாம் தான் கேட்டுவிட்டதைச் சொல்லவேண்டும். அப்படிக் கேட்டுவிட்ட தம்பி அதன்பின் என்ன செய்யவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"எனக்குக் கேக்கலக்கா" என்றான். "எனக்கு எல்லாமே உறுமலாத்தான் கேட்டுச்சு."

சுயம்புக்கனி அவனையே பார்த்தாள். அவள் முகம் வாடும் என்று அவன் நினைத்தான். வாடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது மலர்ந்தது.

"நெசமாவா? ஒரு வார்த்தகூடக் கேக்கலியா?"

"கேக்கலக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் எழுந்துவிட்டாள். அந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டடி அங்கும் இரண்டடி இங்கும் நடந்தாள். "அப்ப நீ ஏறிட்டய்யா" என்றாள். "முழுசா ஏறிட்ட. பாதியில நிக்கியோ, பாதியில நிக்கியோன்னு எனக்கு ஒரே கவல. ஒனக்குக் கேக்கவே இல்லல்லா!" டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்து, நல்ல சேதி சொன்னவனுக்குக் கொடுப்பதுபோல் அவன் வாயில் போட்டாள். விரலில் இருந்த உப்பும் அதோடு சேர்ந்து வந்தது. அவன் மென்றான். விழுங்கினான். அவள் சந்தோஷத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். திரும்பி வருகிற வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தவேண்டியிருந்தது.

படம் இருபத்தைந்தாம் நாளைத் தொட்டபோது ரத்தினவேல் ஒரு விழா வைத்தார். தன் அளத்து ஆட்கள் முந்நூறு பேரையும் வேனில் கொண்டுவந்து கீழே உட்காரவைத்து, மதியக் காட்சிக்கு முன்னால் திரைக்கு முன் மேடை போட்டு, பெண்களுக்குச் சேலையும் ஆண்களுக்கு வேட்டியும் கொடுப்பது என்று ஏற்பாடு. பால்கனியில் ஊர்ப் பெரியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். முதல் பத்துப் பேருக்கு ரத்தினவேலே கொடுத்தார். பிறகு இடுப்பு வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மாப்ளே, நீங்க குடுங்க" என்றார்.

தவசிக்கண் எழுந்து நின்றான். அளத்து மேஸ்திரி மைக்கில் பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து, கையை நீட்டி வாங்கி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவனிடம் வாங்கும்போது ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவனுக்கு அந்த உதவியைச் செய்தார்கள். சந்தனமாரி வாங்கினாள். மூக்கன் வாங்கினான்.

"சுயம்புக்கனி."

அவள் படியேறி வந்தாள். கொடுப்பவன் யார் என்று மேடைக்கு வந்தபின்தான் பார்த்தாள். ஒரு நொடி நின்று, உடனே தலையைக் குனிந்துகொண்டு, மற்றவர்களைப்போலவே இரண்டு கையையும் நீட்டினாள். உதடு அசையாமல் சொன்னாள்: "சட்டுனு குடுத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிடச் சொல்லு தம்பி."

அவன் சேலையைக் கொடுத்தான். அவள் இழுத்தாள். அவன் விடவில்லை. இரண்டு பேர் கைக்கும் நடுவில் சேலை நின்றது. மேஸ்திரி கையிலிருந்த மைக்கை மற்றொரு கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தவசிக்கண் பேசினான்.

"இவங்க எங்க அக்கா" என்றான். "என் கூடப் பொறந்த அக்கா. பம்பாய்ல இல்ல, இங்கதான் இருக்காங்க, இந்த அளத்துலதான் உப்பு வாருறாங்க. என்னப் படிக்கவச்சது இவங்கதான். நான்தான் மறைச்சேன். எல்லாரும் என்ன மன்னிக்கணும்."

கீழே இருந்த எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மேலே ஒரு குழந்தை சிரித்தது, அதைத் தொடர்ந்து பால்கனி முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. அவர்களுக்கு 'ஆ' என்று நீளமான ஒரு உறுமல்தான் கேட்டிருந்தது; படத்தில் வருவதுபோலவே மாப்பிள்ளை செய்து காட்டுகிறார் என்று நினைத்தார்கள். ரத்தினவேல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மாப்ளைக்குள்ள இம்புட்டுத் திறமை இருக்கா!" மதுவந்தி மேடை ஓரத்து நாற்காலியில் வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் இன்னொரு முறை சொன்னான், சத்தமாக, சொல் சொல்லாக நிறுத்தி. கைதட்டல் அதிகமானது. மூன்றாம் முறை அவன் குரல் உடைந்தது, விசில் பறந்தது. அவன் சிரிக்காமல் நின்று கதறுவதைக் கண்டு மதுவந்தியின் சிரிப்பு மட்டும் மெல்ல நின்றது. ஆனால் அவளுக்கும் கேட்டது அதே சத்தம்தான்.

அப்போது சுயம்புக்கனி சேலையை அவன் கையிலிருந்து விடுவித்து எடுத்துக்கொண்டு, முதலாளி பக்கம் திரும்பி, பணிவாகச் சொன்னாள்: "ஐயா, சாருக்குத் தொண்ட கட்டியிருக்கு போல. குடிக்கத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

அது ரத்தினவேலுக்குத் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நாங்கள் முந்நூறு பேருக்கு மேல் கீழே இருந்தோம். ஒருவர் எழுந்து, அவர் சொன்னது இதுதான் என்று எங்கள் வாயால் சொல்லியிருக்கலாம். எங்கள் வாயிலிருந்தும் உறுமல்தான் வந்திருக்குமோ என்னவோ. வந்திருக்கட்டுமே, முந்நூறு பேர் சேர்ந்து எழுப்பும் சத்தத்துக்கு ஒரு அர்த்தம் உண்டுதானே. ஒருவரும் எழவில்லை. மறுநாள் விடியுமுன் அதே அளத்தில் இறங்கவேண்டியிருந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள், அந்தப் பெயருக்குரியவர் எழுந்து போனார், சேலையை வாங்கினார். கடைசி வேட்டி வரை கொடுத்து முடித்தார்கள். வேன் திரும்பும்போது சுயம்புக்கனி புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "கிறுக்குப் பய, கிறுக்குப் பய" என்று பதினாலு மைலும் சொல்லிக்கொண்டே வந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு வேறு படம் போட்டார்கள். அதில் எல்லோருக்கும் எல்லாம் ஒன்றுபோலக் கேட்டது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் மறுபடியும் ஜாதகத்துக்குப் போனார்கள். கண்ணாடி முன்னால் பழகிய முகங்கள் மட்டும் சிலருக்குத் திரும்ப இளகவில்லை.

தவசிக்கண்ணுக்கு அது விடவில்லை. பேங்கில் பேசினான், ஃபோனில் பேசினான், மாமாவோடு விலைவாசி பேசினான், எல்லாம் சரியாக வந்தது. அக்கா என்ற சொல்லை எடுத்தால் மட்டும் வீட்டில் இருப்பவர்களுக்கு உறுமல் கேட்டது. சாப்பிட உட்காரும்போது ஒரு தரம், காரில் போகும்போது ஒரு தரம், கோயில் வாசலில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். மாமியார் பயந்துபோய் மந்திரித்துக் கயிறு கட்டினார். காது மூக்குத் தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வீட்டில் பழகிக்கொண்டார்கள், விருந்தாளி வந்திருக்கும்போது அவன் உறுமினால் ரத்தினவேல், "மாப்ளைக்கு வாயுத் தொந்தரவு" என்று சொல்லி டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

மதுவந்தி மட்டும் பழகவில்லை. அவள் அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில், அவன் ஆபீசுக்குச் சட்டை போட்டுக்கொண்டு இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து உறுமிவிட்டுத் தலைகுனிந்தபோது, அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஏதோ சொல்ல வாறிய. ரொம்ப நாளா சொல்ல வாறிய. எனக்குத் தெரியுது. வாயால வரலேன்னா எழுதிக் காட்டுங்க. என்னவா இருந்தாலும் பரவாயில்ல. நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் பேனாவை எடுத்தான். ஒரு நாளைக்கு நூறு இடத்தில் கையெழுத்துப் போடுகிற கை அது, நடுங்காத கை. அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். மதுவந்தி அவன் தோளில் கை வைத்துக்கொண்டு தாளையே பார்த்தாள். வெகுநேரம் அவன் எழுதவில்லை. பிறகு எழுதினான், நல்ல கையெழுத்தில், ஒரே வரி.

தொண்டை வலி.

மதுவந்தி அதைப் படித்தாள். இன்னும் ஏதாவது எழுதுவான் என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள். அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு இட்லியைப் பிட்டான். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது.